ருசி இல்லை என்று எழுதிய மூடிகள்

ஜூலை 6, 2020, திங்கள்

இன்று என் தூக்குவாளியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மெஸ் வாசலில் குறுக்கே கயிறு கட்டி, அந்தப் பக்கம் தனலட்சுமி அம்மா நின்றுகொண்டு, "இன்னாசி சார், இனிமே வீட்டுப் பாத்திரம் வாங்கறதில்ல. பார்சல்தான். யாரு வீட்ல என்ன இருக்கோ, யாரு கண்டா?" என்றார். ஆறு வருஷமாக இதே தூக்கில் சாம்பார் ஊற்றித் தந்தவர். இன்று அதைச் செத்த எலியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. போன வருஷம் ஜனவரியில் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தபோது, எங்கள் பன்னிரண்டு வீட்டு அடுக்ககத்தில் அந்த உத்தரவை ஒட்டியதே நான்தான். சங்கச் செயலாளர் என்ற முறையில் வீட்டுக்கு ஒரு மஞ்சப்பை கொடுத்தேன். கறி வாங்கத் தூக்கு, மாவு வாங்கப் பாத்திரம் என்று எல்லாரையும் படுத்தி எடுத்தேன். கடைசியில் நானே பிளாஸ்டிக் டப்பாவில் சாப்பிட வேண்டுமாம். நல்ல கூத்து.

வேறு வழியும் இல்லை. ஜெசிந்தா மார்ச் மாதம் மகளின் பிரசவத்துக்குப் பெங்களூர் போனவள், இ-பாஸ் கிடைக்காமல் பேரனோடு அங்கேயே இருக்கிறாள். சமையல்கார அம்மா வரத் தயார்தான். ஆனால் வெளியாட்கள் வீட்டுக்குள் வரக்கூடாது என்று நோட்டீஸ் போட்டதும் நானேதான். எனக்கு வெந்நீர் வைக்கத் தெரியும். அதற்கு மேல் தெரியாது.

ஜூலை 7, செவ்வாய்

முதல் பார்சலைப் பிரித்தேன். சோற்றுக்கு ஒரு டப்பா, சாம்பாருக்கு ஒன்று, ரசத்துக்கு ஒன்று, கூட்டு, பொரியல், மோர். ஊறுகாய்ப் பொட்டலம், அப்பளத்துக்கு ஓர் உறை, நான் கேட்காத ஒரு ஸ்பூன், எல்லாவற்றையும் போட்டு முடிந்த பை. ஒரு மனிதன் பன்னிரண்டு நிமிஷம் சாப்பிடுவதற்குப் பத்து உருப்படி.

தூக்கிப் போட மனம் வரவில்லை. டப்பாக்களைக் கழுவிப் பால்கனியில் கவிழ்த்தேன். ஒவ்வொரு மூடியிலும் மார்க்கர் பேனாவால் தேதி, பண்டம், குறிப்பு மூன்றும் எழுதினேன். "ஜூலை 7. ரசம். மிளகு அதிகம்." முப்பத்திரண்டு வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராகச் சார்ட் எழுதிய கை இது, சும்மா இருக்காது. குறிப்பு என்ற கட்டத்தை நான் காலியாக விட்டதே இல்லை.

ஜூலை 10, வெள்ளி

மீன் வறுவல். உப்பு குறைவு. மூடியில் எழுதிவிட்டேன், போனிலும் சொல்லிவிட்டேன்.

ஜூலை 14, செவ்வாய்

காலையில் மருதாயி குப்பை எடுக்க வந்தாள். எங்கள் கட்டடத்துக் குப்பையைப் பிரிப்பது, படி கூட்டுவது எல்லாம் அவள்தான். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று அவளுக்குப் பழக்கிவிட்டவன் நான். காது கொஞ்சம் மந்தம். அதனால் எப்போதும் எதிரே வந்து நின்று வாயைப் பார்த்துக்கொண்டுதான் பேசுவாள்.

பால்கனி அடுக்கைப் பார்த்துவிட்டு, "என்ன சார், குப்பையக் கழுவி மினுக்கி, கல்யாணச் சீர் மாதிரி அடுக்கி வச்சிருக்கீங்க?" என்றாள்.

"குப்பைன்னு சொல்லாதே. மறுபயன்பாடு."

"எல்லா வீட்லயும் இதேதான் சார். முந்தி ரெண்டு கூடை காய்த்தோலு வரும். இப்பத் தோலே காணோம், எல்லாம் டப்பாதான். வெள்ளை டப்பாவக் காயலான் கடைல வாங்கிக்குறான். கறுப்பு டப்பாவ ஓசிக்குக் குடுத்தாலும் வேணாங்குறான்."

"அப்ப கறுப்பு டப்பா எங்க போகுது?"

"எனக்கு என்ன தெரியும் சார்? வண்டியில ஏத்துறது வரைக்கும்தான் எனக்குத் தெரியும்" என்றாள்.

எனக்கும் தெரியவில்லை. மத்தியானம் முழுவதும் அதையே யோசித்தேன்.

ஜூலை 20, திங்கள்

முதல் மாடி தமிழ்ச்செல்வி டீச்சர் வீட்டில் மூன்று பேருக்குப் பாசிட்டிவ். யாரும் வெளியே வராதபடி கதவுக்குக் குறுக்கே மாநகராட்சி ஆட்கள் பாதி உயரத்துக்குத் தகரம் அடித்துவிட்டுப் போனார்கள். நோய் உள்ள வீட்டுக் குப்பையைத் தனியாகப் போட ஒரு கட்டு மஞ்சள் பிளாஸ்டிக் பையை என்னிடம் கொடுத்தார்கள். போன வருஷம் நான் கொடுத்தது மஞ்சள் துணிப்பை, இந்த வருஷம் மஞ்சள் பிளாஸ்டிக் பை. நிறம் மட்டும் தப்பித்தது.

வாட்ஸாப் குழுவில் உடனே அறிவிப்புப் போட்டேன். வீட்டு எண், பெயர்கள், எந்த நேரத்தில் அவர்கள் கதவைத் திறக்கக் கூடாது என்பது வரை. இரண்டாம் மாடி கனகசபை மூன்று கைதட்டல் போட்டார்.

சாயங்காலம் டீச்சர் போன் செய்தார். "சார், பால் பாக்கெட் கீழேயே கிடக்கு. யாராவது கதவு வரைக்கும் கொண்டாந்து வச்சா போதும்."

குழுவில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். விதி என்று ஒன்று இருக்கிறது அல்லவா. அப்புறம் ஜெசிந்தா பேசினாள், பேரன் குப்புறப் படுக்கிறானாம். பேச்சில் மறந்துவிட்டது.

ஜூலை 28, செவ்வாய்

டப்பா நூற்றைத் தாண்டிவிட்டது. வீடியோவில் பார்த்த ஜெசிந்தா சிரித்தாள். "உங்களுக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? ஒரு டப்பாவுக்கு ஒரு சொம்பு தண்ணி. தண்ணியக் காப்பாத்தணும்னும் நீங்கதானே நோட்டீஸ் போட்டீங்க?"

கழுவினால் தண்ணீர் வீண், கழுவாவிட்டால் நாற்றம், தூக்கிப் போட்டால் பூமி, வைத்துக்கொண்டால் பால்கனி. எதைச் செய்தாலும் தப்பாக இருக்கிறது.

ஆகஸ்ட் 5, புதன்

தொண்டை கரகரப்பு, லேசாக உடம்பு சூடு. நேற்று மொட்டை மாடியில் நனைந்ததுதான் காரணம். வெறும் ஜலதோஷம். கபசுரக் குடிநீர் குடித்தேன்.

ஆகஸ்ட் 7, வெள்ளி

என்ன அநியாயம்! மீன் குழம்பா, வெந்நீரா? மீன் இருக்கிறது, புளி இருக்கிறது, நிறம்கூட இருக்கிறது. ருசி மட்டும் இல்லை. தனலட்சுமி அம்மாவுக்குப் போன் போட்டு விளாசிவிட்டேன். "இன்னைக்கு மத்தவங்க யாரும் ஒண்ணும் சொல்லலியே சார்" என்று இழுத்தார். மற்றவர்களுக்கு நாக்கு செத்துவிட்டது என்றேன்.

மூடியில் எழுதியது: "ஆகஸ்ட் 7. மீன் குழம்பு. ருசி இல்லை, மணம் இல்லை."

ஆகஸ்ட் 8, சனி

மெஸ்ஸை மாற்றினேன். மத்தியானம் ஸ்டேஷன் ரோட்டுக் கடை பிரியாணி: "ருசி இல்லை." சாயங்காலம் வேறொரு கடையில் பூண்டு ரசம்: "மணம் துளியும் இல்லை." ஊரில் உள்ள சமையல்காரர்கள் அத்தனை பேருக்கும் ஒரே வாரத்தில் கை மறந்துபோயிற்றா?

மூன்று கடை, இருபத்திரண்டு உருப்படி.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

முழு ஊரடங்கு. டிவியில் பூசை கண்டேன். ரொட்டியும் ஊறுகாயும் சாப்பிட்டேன். ஊறுகாய் உறைக்கிறது, ஆனால் அது எலுமிச்சையா மாங்காயா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. குளிக்கும்போது சோப்பும் அப்படியே. இப்போது எல்லாவற்றிலும் கலப்படம்.

தெர்மாமீட்டர் நூறு காட்டுகிறது. பழைய தெர்மாமீட்டர், மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் வாங்கியது.

அலமாரியில் துண்டு எடுக்கப் போனபோது அந்த மஞ்சள் பைக் கட்டு கையில் பட்டது. ஒரு பையை உருவினேன், பார்த்தேன். மறுபடி மடித்து உள்ளே வைத்தேன். தகரம் அடிக்கிற அளவுக்கு எனக்கு ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 10, திங்கள்

இன்று ஒரு நல்ல காரியம் நடந்தது. டப்பாக்களைப் பார்த்து மருதாயி, "எம்புட்டு நல்ல டப்பா சார். குடுத்தீங்கன்னா பருப்பு, மொளகாத்தூளு போட்டு வச்சுக்குவேன். எங்க தெருவுல நாலு வீட்டுக்கும் குடுப்பேன்" என்றாள்.

பழம் நழுவிப் பாலில் விழுந்ததுபோல் இருந்தது. ஒரு மாதத்துப் பாரம்! இரண்டு சாக்கில் நானே அடுக்கிக் கொடுத்தேன், மூடியோடு. அரை மணி நேரம் வாசலில் நின்று பேசினோம். அவள் மகள் செல்வராணி லேப் டெக்னீசியன் படிப்பு முடித்து ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலைக்குப் போகிறாளாம். எனக்கு இருமல் வந்து வந்து பேச்சு தடைப்பட்டது. முகக்கவசத்தோடு பேசினால் அவளுக்குப் புரிவதில்லை என்பதால் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டேன். கிட்டே வந்து, "என்ன சார், இருமலு?" என்றாள். ஜலதோஷம் என்றேன்.

சாக்கு இரண்டும் படியிறங்கிப் போனதும் பால்கனி எத்தனை விசாலம்! ஒரு டப்பாகூடக் குப்பைக்குப் போகவில்லை. நம்மால் ஆனது.

ஆகஸ்ட் 15, சனி

மாதா திருநாள். கோவில் பூட்டியிருக்கிறது. ஜலதோஷம் போய்விட்டது, சொன்னேன் அல்லவா. நாலாவது மெஸ். ருசி இல்லை.

ஆகஸ்ட் 18, செவ்வாய்

மருதாயி இரண்டு நாளாக வரவில்லை. படிக்கட்டில் குப்பை. சொல்லாமல் லீவு போட்டதற்குக் குழுவில் கனகசபை கொதிக்கிறார்.

ஆகஸ்ட் 19, புதன்

மருதாயிக்குப் பாசிட்டிவ். காய்ச்சல் பதினாறாம் தேதியே வந்ததாம். பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 20, வியாழன்

குழுவில் நேற்றிலிருந்து நூற்றுப் பதினாறு செய்திகள். எல்லா வீட்டுப் படியையும் தொட்டவள், எல்லார் குப்பையிலும் கை வைத்தவள், அவள்தான் கட்டடத்துக்கு நோயைக் கொண்டுவந்தாள் என்று கனகசபை. டீச்சர் வீட்டுக்கு வந்ததும் அவளால்தான் என்று இன்னொருவர். டீச்சர் மட்டும் ஒன்றும் எழுதவில்லை.

செயலாளர் கடிதம் எழுத வேண்டும் என்றார்கள். எழுதினேன். "துப்புரவுப் பணியாளர் மருதாயி மூலம் நோய் பரவியிருப்பதால், அவர் இனி பணிக்கு வர வேண்டாம். மாற்று ஏற்பாடு செய்யப்படும்." கையெழுத்து கொஞ்சம் கோணலாக விழுந்தது. பேனா சரியில்லை.

ஆகஸ்ட் 22, சனி

ஐந்திலிருந்து பத்து, பத்திலிருந்து பதினாறு. ஆறு நாள். நோய் வெளியே தெரிய ஐந்தாறு நாள் ஆகும் என்று டிவியில் சொன்னார்கள். ஆனால் மகள் லேபில் வேலை பார்க்கிறாள். அங்கிருந்து வந்திருக்கலாம். பஸ்ஸில் வந்திருக்கலாம். டீச்சர் வீட்டுக் குப்பையில் வந்திருக்கலாம்.

பஸ் ஓடவில்லை. அதை அடித்துவிட்டேன்.

அந்தக் கணக்கே வேண்டாம்.

ஆகஸ்ட் 24, திங்கள்

புது எண்ணிலிருந்து போன். "சார், நான் மருதாயி மக செல்வராணி பேசறேன்."

"அம்மாவுக்கு எப்படியிருக்கும்மா?"

"ஆக்சிஜன் வச்சிருக்காங்க. சார், ஒண்ணு கேக்கணும். நீங்க குடுத்த டப்பா மூடில எங்க வீட்ல இருக்கறத நேத்து எடுத்து வரிசையா வச்சுப் பாத்தேன். ஜூலை மாசம் பூரா மொளகு அதிகம், உப்பு கம்மி, புளி தூக்கல்னு எழுதியிருக்கீங்க. ஆகஸ்ட் ஏழுலருந்து மூணு கடைச் சாப்பாட்டுக்கும் ஒரே மாதிரி எழுதியிருக்கு. ருசி இல்ல, மணம் இல்ல. அதுக்கப்புறம் மறுபடி உப்பு, புளி ஒண்ணுமே இல்ல. உங்களுக்கு எப்ப சார் வாசனை போச்சு?"

திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் ஆகிவிட்டது எனக்கு. ஹலோ ஹலோ என்றேன். சிக்னல் சரியில்லை என்று சொல்லிப் போனை வைத்தேன்.

சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 25, செவ்வாய்

முழுக்க எழுதிவிடுகிறேன்.

காலையில் எழுந்ததும் ஒன்றுதான் தோன்றியது. அந்த டப்பாக்களைத் திரும்ப வாங்கிவிட வேண்டும். அவற்றில்தான் நோய் ஒட்டிக்கொண்டு போயிருக்கிறது. சோப்பு மணமே தெரியாத மூக்கோடு நான் கழுவிய டப்பா என்ன சுத்தமாக இருந்திருக்கும்? வாங்கிக் கொளுத்திவிட்டால் ஆயிற்று என்று நினைத்தேன். அவற்றோடு மூடிகளும் போய்விடும் என்பதை நினைக்கவில்லை என்று எழுதினால், அது பொய்.

இரட்டைக் கையுறை, இரட்டை முகக்கவசம், இரண்டு காலிச் சாக்கு. உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையோடு நடந்தேன். கூப்பிடு தூரத்தில் இருக்கும் அவள் தெருவுக்கு, இங்கே குடிவந்த இந்தப் பதினோரு வருஷத்தில் ஒருநாளும் போனதில்லை. தெருவுக்குள் திரும்பும் இடத்தில் சிறு மதகு. அதன் கம்பியில் குப்பை அடைத்து, தண்ணீர் பின்வாங்கிக் கரையேறி நின்றது. கறுப்பு டப்பா, வெள்ளை டப்பா, சிக்கிய பைகள், முகக்கவசங்கள். அதற்கு நடுவே ஒரு வெள்ளை மூடி.

"ஜூலை 24. கூட்டு. தேங்காய் போதாது."

என் கையெழுத்து. மார்க்கர் மை துளியும் அழியவில்லை. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. பருப்பு போடப் பத்து டப்பா போதும். நான் கொடுத்தது நூற்றுக்கு மேல். நாலு வீடும் எடுத்தது போக மிச்சம் எங்கே போகும்? ஒரு டப்பாகூடக் குப்பைக்குப் போகவில்லை என்று பத்தாம் தேதி எழுதினேனே, அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போடலாம்போல் இருந்தது.

செல்வராணி வாசலிலேயே இருந்தாள். என் கையிலிருந்த சாக்கைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

"டப்பாவ வாங்கவா சார் வந்தீங்க?"

"அதுலதாம்மா ஒட்டியிருக்கும்..."

"பதினஞ்சு நாளாச்சு சார். டப்பாவுல ஒண்ணும் இல்ல. டப்பாலருந்து வர்றது ரொம்ப அபூர்வம்னு எங்க டாக்டரே சொல்றாரு. அம்மாகிட்ட நீங்க மாஸ்க்கத் தாடைல மாட்டிக்கிட்டு அரை மணி நேரம் இருமி இருமிப் பேசினீங்களாமே. ஆஸ்பத்திரிக்குப் போறப்பகூட, பாவம் இன்னாசி சாருக்கும் இருமலு, கசாயம் வச்சுக் குடுக்க ஆளில்லன்னு சொல்லிட்டுத்தான் போச்சு."

கையிலிருந்த சாக்குகளைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

"உன் லேபிலிருந்துகூட வந்திருக்கலாம் இல்லையாம்மா? யாராலேன்னு நிச்சயமா எப்படிச் சொல்றது?" என்று கேட்டேன். கேட்டேன்தான். மறைக்கவில்லை.

"எனக்கு ரெண்டு தடவை எடுத்தாச்சு, நெகட்டிவ். ஆனாலும் நிச்சயமாச் சொல்ல முடியாது சார். யாராலயும் முடியாது." அவள் குரலை உயர்த்தவே இல்லை. "அந்தச் சந்தேகத்தைப் பன்னெண்டு வீட்டுக்கும் பங்கு போடாம எங்கம்மா தலைல மட்டும் ஏன் சார் போட்டீங்க? உங்க கடிதத்த யாரோ போட்டோ எடுத்து அனுப்பி, இந்தத் தெரு பூரா சுத்திருச்சு. குழாயடில எங்க குடத்த வைக்க விடமாட்டேங்குறாங்க. ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. அம்மாவுக்கு முன்னாடியே உங்களுக்கு வந்துச்சுன்னு. அம்மா பொழச்சு வந்தா வேலைக்குப் போகணும்ல."

"யோசிச்சுச் சொல்றேம்மா."

இப்படிச் சொன்னது நான்தான். சொல்லிவிட்டு வாய்க்காலை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன். ரயிலில் டிக்கெட் இல்லாதவன் ஜன்னலுக்கு வெளியே ரொம்ப ரசித்துப் பார்ப்பான். அதை வைத்தே எத்தனை பேரைப் பிடித்திருக்கிறேன்!

ஆகஸ்ட் 26, புதன்

யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 27, வியாழன்

ஜெசிந்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "மாச ஆரம்பத்துலயே வீடியோல உங்க மூஞ்சியப் பாத்துக் கேட்டேன், காய்ச்சலான்னு. லைட்டு சரியில்லன்னு சொன்னீங்க" என்றாள். அப்புறம், "பாவசங்கீர்த்தனம் பண்ணணும்னா கோவில் தொறக்கட்டும்னு இருக்காதீங்க. யாருகிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட சொல்லுங்க" என்று வைத்துவிட்டாள்.

பயமாக இருக்கிறது. தகரம் அடிப்பார்கள் என்றல்ல. எனக்கு அந்தப் பதினாலு நாளும் எப்போதோ தாண்டிவிட்டது. டீச்சர் வீட்டு விஷயத்தில் நான் போட்ட அறிவிப்பை எல்லாரும் ஞாபகம் வைத்திருப்பார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் என்பார்கள். அதுவும் பார்சல் சோற்றில்.

ஆகஸ்ட் 28, வெள்ளி

காலை ஏழு மணிக்குக் குழுவில் போட்டது:

"ஆகஸ்ட் 5 முதல் எனக்குக் காய்ச்சல், இருமல். 7 முதல் ருசி, மணம் இல்லை. பரிசோதனைக்குப் போகவில்லை. மஞ்சள் பை வைக்கவில்லை. 10ஆம் தேதி முகக்கவசத்தை இறக்கிவிட்டு மருதாயி அவர்களோடு அரை மணி நேரம் பேசினேன். அவருக்கு 16ஆம் தேதி காய்ச்சல் வந்தது. என் 20ஆம் தேதிக் கடிதம் தவறு. அதைத் திரும்பப் பெறுகிறேன். குணமானதும் அவர் பணிக்கு வருவார். செயலாளர் பதவியிலிருந்து விலகுகிறேன். இன்னாசிமுத்து, 3பி."

அதையே தாளிலும் எழுதிச் சங்க முத்திரை குத்திச் செல்வராணியிடம் கொடுத்தேன். வாங்கிப் படித்தாள். நன்றி என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குத்தான் கஷ்டமாக இருந்திருக்கும்.

குழுவில் கனகசபை, "படித்தவரே இப்படியா?" என்று ஆரம்பித்துப் பத்துச் செய்தி போட்டார். விலகல் கடிதத்தை மட்டும் யாரும் ஏற்கவில்லை. அந்த வேலையை எடுத்துக்கொள்ள ஆளில்லை.

மத்தியானம் டீச்சர் போன் செய்தார். திட்டப் போகிறார் என்று காதைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

"சார், நாளைலருந்து உங்க பால் பாக்கெட்டக் கதவுகிட்ட கொண்டாந்து வைக்கட்டுமா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதேன்.

செப்டம்பர் 3, வியாழன்

மருதாயிக்கு ஆக்சிஜன் எடுத்துவிட்டார்களாம். செல்வராணியின் செய்தி, ஒரே வரி. பத்துத் தடவை படித்தேன்.

தனலட்சுமி அம்மாவிடம் போனில் மன்னிப்புக் கேட்டேன். குழம்பில் குறை இல்லை, என் மூக்கில்தான் என்றேன். பேச்சோடு பேச்சாக, தூக்குவாளியை வாங்காவிட்டாலும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நானே பிடித்துக்கொண்டால் மேலிருந்து ஊற்றலாமே என்று கேட்டேன். "ஊத்தலாம்ல, இது ஏன் எனக்குத் தோணல?" என்றார். எனக்கும் இரண்டு மாதமாகத் தோன்றவில்லை.

செப்டம்பர் 21, திங்கள்

மருதாயி வந்துவிட்டாள். பாதி ஆளாக இளைத்திருக்கிறாள். இன்னும் பத்து நாள் வேலை செய்ய வேண்டாம் என்றேன். "வீட்ல குந்தியிருந்தா மூச்சு முட்டுது சார்" என்றாள். வாசலுக்கு நாலடி தள்ளியே நின்றாள். நான் பேச வாயெடுத்தபோது கையைக் காட்டி நிறுத்தினாள்.

"மொதல்ல மாஸ்க்க ஏத்துங்க சார். காது கேக்காட்டிப் போவுது."

ஏற்றினேன். மன்னிப்புக் கேட்டேன், அவளுக்குக் கேட்கும்படி கத்தி. மாடி முழுக்கக் கேட்டிருக்கும்.

"எல்லாம் செல்வராணி சொல்லுச்சு. இருமல்னு தெரிஞ்சு ஒரு வார்த்த, தள்ளி நில்லுன்னு சொல்லியிருக்கலாம்ல சார் நீங்க" என்றாள். அவ்வளவுதான். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பின்னாலிருந்த சாக்கை இழுத்து என் வாசலில் வைத்தாள். ஈரம் சொட்டியது. மதகிலிருந்து அள்ளியது. "எங்க தெருவுக்குக் குப்பை வண்டி வாரத்துக்கு ஒரு நாள்தான் சார் வரும். உங்க தெருவுக்குத்தான் தினம் வருது. நீங்களே ஒரு வழி பண்ணுங்க."

என்ன வழி என்று எனக்குத் தெரியவில்லை. சாக்கு இப்போது பால்கனியில் இருக்கிறது, பழைய இடத்திலேயே. கறுப்பு டப்பாவை யார் எடுப்பார்கள் என்று நாளை மாநகராட்சிக்குப் போய்க் கேட்க வேண்டும். அவர்களுக்காவது தெரிகிறதா பார்ப்போம்.

போகும்போது ஒரு டப்பாவை மட்டும் படியில் வைத்துவிட்டு விலகினாள். "இது காலி டப்பா இல்ல. கருவாட்டுக் குழம்பு. இதுகூட மணக்கலன்னா சொல்லுங்க, செல்வராணிகிட்ட மருந்து கேப்போம்."

மத்தியானம் சுடவைத்தேன். பக்கத்தில் குனிந்து பார்த்தேன், ஆவி முகத்தில் அடித்தது. சோற்றில் பிசைந்து சாப்பிட்டேன். காரம் தெரிந்தது, உப்பு லேசாகத் தெரிந்ததுபோல் இருந்தது, அதுவும் நினைப்பாக இருக்கலாம். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

கை கழுவிவிட்டு வந்தால் குழுவில் கனகசபை. "கட்டடம் பூராவும் கருவாட்டு நாற்றம். குடலைப் பிடுங்குகிறது. எந்த வீடு என்று செயலாளர் உடனே விசாரித்துத் தெரிவிக்கவும்."

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "என் வீடு. 3பி" என்று போட்டேன்.

பிறகு டப்பாவைக் கழுவி, மார்க்கரை எடுத்து மூடியில் எழுதினேன். "செப்டம்பர் 21. கருவாட்டுக் குழம்பு. மருதாயி வீடு. மணம் கட்டடம் முழுக்க இருக்கிறது. எனக்குத்தான் இன்னும் வரவில்லை."